டிஜே திறக்கும் கணம்: ரயில் மின்தடத்தின் மிகையழுத்தத்துக்கு எது மருந்து?

சென்னையிலிருந்து புதுதில்லி வரை ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். அந்தத் தடத்தில் ஓடும் மின்சார எஞ்சின், தன் உயிர்நாடியான மின் இணைப்பைத் தானே அறுத்துக்கொண்டு, சற்றுத் தூரம் உருண்டு, மறுபடி இணைத்துக்கொள்ளும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. துணைமின் நிலையங்களுக்கு இடையே சுமார் 50 கிலோமீட்டர் என்று கொண்டால், ஒரு பயணத்தில் நாற்பது தடவைக்குக் குறையாது. மாநில மின்வாரியங்கள் தருவது மும்முனை மின்சாரம். ரயிலுக்கு வேண்டியதோ ஒருமுனை. ஒரே முனையில் எல்லாச் சுமையையும் ஏற்றினால் மின்வாரியம் பொறுக்காது. ஆகவே அடுத்தடுத்த துணைமின் நிலையங்கள் வெவ்வேறு முனைகளிலிருந்து 25 கிலோவோல்ட் எடுக்கின்றன. இரண்டு முனைகளின் எல்லையில் ‘நியூட்ரல் செக்‌ஷன்’ என்ற மின்சாரமில்லாத துண்டு. அதற்கு 500 மீட்டர் முன்பு ஓர் எச்சரிக்கைப் பலகை, 250 மீட்டரில் இன்னொன்று. லோகோ பைலட் இழுவிசையைக் குறைத்து, கூரைமேல் உள்ள பிரதான பிரேக்கரைத் திறக்க வேண்டும். ரயில்வேக்காரர்கள் அந்த பிரேக்கரை ‘டிஜே’ என்றுதான் சொல்வார்கள். தாண்டியதும் மூட வேண்டும். இப்போது பல எஞ்சின்களில் தண்டவாளத்தருகே பதித்த காந்தங்களைக் கண்டு இது தானாகவே நடக்கிறது.

ஒவ்வொரு திறப்பும் ஒவ்வொரு மூடலும் ஒரு மின்னழுத்த அதிர்ச்சி. சில மைக்ரோவினாடிகளிலிருந்து சில மில்லிவினாடிகள்வரை நீடித்து மறையும் இந்த மிகையழுத்தத்தை அடக்கும் வழி எது என்ற கேள்விக்கு, பொறியியல் நூல்களிலும் விற்பனையாளர் கையேடுகளிலும் நான்கைந்து விடைகள் உண்டு: அரெஸ்டர், ஆர்.சி. ஸ்னப்பர், நேரம் பார்த்துச் சுவிட்ச் போடும் கட்டுப்பாட்டுக் கருவி, தடத்தோரத்தில் மாற்றுச் சுவிட்சுகள், நியூட்ரல் செக்‌ஷனையே ஒழிக்கும் மின்மாற்றுநிலையம். இவற்றை ஒப்பிடும் எழுத்துகள் பெரும்பாலும் ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு தொடங்குகின்றன: மிகையழுத்தத்தின் உச்சம் எத்தனை கிலோவோல்ட்? அந்த அளவுகோல் ரயிலுக்குப் போதாது என்பதே என் வாதம். உச்சத்தோடு, நாளைக்கு எத்தனை முறை என்பதையும், அந்த ரயிலின் கூரைமேல் எது எதற்குப் பின்னால் இணைந்திருக்கிறது என்பதையும் சேர்த்து நிறுத்தால் மருந்துகளின் வரிசை மாறுகிறது.

முதலில் நோய். ஓடும் எஞ்சினின் மின்மாற்றியைச் சுமையில்லாத நிலையில் அறுக்கும்போது, பிரேக்கர் துண்டிப்பது மின்மாற்றியின் இரும்பு உள்ளகத்தைக் காந்தமாக்கிக்கொண்டிருக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தை. சிறியது என்பதால் தீங்கில்லாதது என்று தோன்றும். நேர்மாறு. மாறுதிசை மின்னோட்டம் தானாகச் சுழியைத் தொடும் கணத்தில் அணைவதுதான் எந்த பிரேக்கருக்கும் இயல்பு. ஆனால் வாக்குவம் பிரேக்கரின் தொடுமுனைகளுக்கு இடையே எரியும் வில், மின்னோட்டம் சில ஆம்பியருக்குக் கீழே இறங்கியதும் நிலைகுலைந்து, சுழியை எட்டும் முன்பே சட்டென்று அணைந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் மின்மாற்றியின் காந்தப்புலத்தில் இருந்த ஆற்றலுக்குப் போக வேறு வழியில்லை. சுருள்களிலும் கேபிளிலும் இருக்கும் அற்ப மின்தேக்கத்துக்குள் பாய்ந்து அழுத்தத்தை ஏற்றுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஐந்தாறு எம்.வி.ஏ. அளவுள்ள எஞ்சின் மின்மாற்றிக்கு முழுச்சுமை மின்னோட்டம் இருநூற்றுச் சொச்சம் ஆம்பியர். அதில் நூற்றில் ஒரு பங்கு காந்தமாக்கும் மின்னோட்டம் என்றால் 2 ஆம்பியர். அப்படியானால் அதன் மின்தூண்டல் சுமார் 40 ஹென்றி. சுருளும் கூரைக் கேபிளும் சேர்ந்து 4 நானோஃபாரட் மின்தேக்கம் என்று கொள்வோம். 1 ஆம்பியரில் வில் அறுந்தால், ஏட்டுக்கணக்குப்படி எழும் அழுத்தம் 100 கிலோவோல்ட். நிஜத்தில் இரும்பு தன்னுள் கொஞ்சம் ஆற்றலை விழுங்கிக்கொள்வதால் இதைவிடக் கணிசமாகக் குறையும். இருந்தாலும் 25 கிலோவோல்ட் தடத்தின் இயல்பான உச்சம் 35.4 கிலோவோல்ட்தான் என்பதை நினைத்தால் இந்த எண்ணின் கனம் புரியும். அதே சமயம் இதன் பின்னால் இருக்கும் ஆற்றல் வெறும் 20 ஜூல். இந்த முரணைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: அழுத்தம் பயமுறுத்துகிறது, ஆற்றலோ ஒன்றுமேயில்லை.

இந்தியாவில் 25 கிலோவோல்ட் மாறுதிசை மின்சாரம் 1959இல் ராஜ்கர்ஸ்வான்–டோங்கோவாபோசி பிரிவில், பிரெஞ்சு ரயில்வேயின் ஆலோசனையோடு வந்தது. அந்தத் தலைமுறை எஞ்சின்களில் பிரேக்கர் காற்றை ஊதி வில்லை அணைத்தது. அழுத்தக் காற்று, வால்வுகள், ஓயாத பராமரிப்பு. வாக்குவம் பிரேக்கர் வந்தபோது ஷெட்டுகளில் அதை வரவேற்காதவர் இருந்திருக்க முடியாது. மூடிய குடுவைக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது, பல்லாயிரம் தடவை இயங்கினாலும் தேய்மானம் அற்பம். ஆனால் வாக்குவத்தின் திறமையே அதன் குறை. தொடுமுனைகள் பிரியத் தொடங்கி இடைவெளி இன்னும் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும்போதே வில் அணைந்துவிட்டால், எழும் அழுத்தத்தை அந்தச் சிறு இடைவெளி தாங்காமல் மறுபடி பற்றிக்கொள்ளும். அப்போது ஓடும் உயரதிர்வெண் மின்னோட்டத்தைப் பிற பிரேக்கர்கள் அறுக்கத் திணறும்; வாக்குவம் அதையும் அறுத்துவிடும். மறுபடி அழுத்தம் எழும், மறுபடி பற்றும். சுமையில்லாத நிதான நிலையைவிட, மூடிய மறுகணமே ரிலே தட்டி பிரேக்கர் திறக்கும்போது இது மோசம். மின்மாற்றியின் தொடக்கப் பாய்ச்சலான ‘இன்ரஷ்’ மின்னோட்டம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது.

இங்கேதான் முதல் கடன்வாங்கல் பற்றிச் சொல்ல வேண்டும். வாக்குவம் பிரேக்கரால் மின்மாற்றிகள் பழுதான கதைகளில் பெரும்பகுதி மும்முனைத் தொழிற்சாலைகளைச் சேர்ந்தவை: வில் உலைகள், நீண்ட கேபிளில் தொங்கும் மோட்டார்கள். அங்கே ஒரு முனையின் மறுபற்றல் மற்ற இரண்டு முனைகளின் மின்னோட்டத்தையும் வலுக்கட்டாயமாகச் சுழிக்குத் தள்ளி, நூற்றுக்கணக்கான ஆம்பியரை அறுக்க வைக்கும். மிகக் கொடிய மிகையழுத்தம் அப்படித்தான் பிறக்கிறது. ரயில் ஒருமுனை. இந்த விபரீதம் அங்கே நிகழவே வழியில்லை. ரயில் சம்பந்தமான அறிக்கைகளில் இதை மேற்கோள் காட்டி ஸ்னப்பர் கேட்பவர்கள், வேறொருவருடைய நோய்க்குச் சீட்டு எழுதுகிறார்கள்.

இரண்டாவது கடன் இன்னும் நுட்பமானது. தொழிற்சாலையில் பிரேக்கரின் இருபுறமும் கேபிள். கேபிளின் அலை மின்தடை முப்பது நாற்பது ஓம். ஆகவே மறுபற்றலின்போது அலைமுகப்பு ஒரு மைக்ரோவினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் ஏறிவிடுகிறது. அவ்வளவு செங்குத்தான அலை மின்மாற்றிச் சுருளில் சீராகப் பரவுவதில்லை. கோயில் கதவு திறந்ததும் பின்னாலிருந்து வரும் தள்ளு முழுவதையும் முன்வரிசைக்காரர் நெஞ்சில் வாங்குவதுபோல, முதல் சில சுற்றுகளே வாங்கிக்கொள்கின்றன. சரி, எஞ்சினில்? பிரேக்கருக்கு முன்னால் இருப்பது கேபிள் அல்ல. பாண்டோகிராஃப், அதற்குமேல் ஓஎச்இ எனப்படும் மேல்நிலைக் கம்பி. அதன் அலை மின்தடை நானூறு ஓமுக்கு மேல். இரு திசையிலும் நீள்வதால் எஞ்சின் பார்ப்பது அதில் பாதி, சுமார் 225 ஓம். 4 நானோஃபாரட்டை அந்த 225 ஓம் வழியாக நிரப்ப ஆகும் காலம் ஏறத்தாழ 0.9 மைக்ரோவினாடி. அதாவது, ஓஎச்இயே ஒரு பிரேக் போல வேலை செய்து அலைமுகப்பை மழுக்கிவிடுகிறது. மின்மாற்றியைச் சோதிக்கும் மின்னல் அலையின் முகப்பு 1.2 மைக்ரோவினாடி, எஞ்சினில் நடப்பது அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தனி எஞ்சினைப் பொறுத்தவரை ‘செங்குத்து அலை’ என்ற பூச்சாண்டி பாதி காற்று.

ஆனால் எல்லா ரயிலும் தனி எஞ்சின் அல்ல. சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் உருவாகி 2019 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் போன்ற தொடர்களில், நான்கு பெட்டிக்கு ஓர் அலகு, அலகுக்கு ஒரு மின்மாற்றி என்று ரயில் முழுவதும் பரவியிருக்கிறது. இத்தகைய மின்தொடர்களில் ஒரு பாண்டோகிராஃப் எடுக்கும் மின்சாரத்தைக் கூரை வழியே நெடுந்தூரம் கடத்தும் அமைப்பு உலகெங்கும் வழக்கம். அந்தக் கூரைக் கேபிள் பிரேக்கருக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பது எல்லாவற்றையும் தலைகீழாக்கும். முன்னால் இருந்தால், ஏற்கெனவே நிரம்பிய கேபிள், பிரேக்கர் மூடும் கணத்தில் தன் முப்பது நாற்பது ஓம் வழியே முழு அலையையும் மின்மாற்றியில் கொட்டும். உச்சக் கணத்தில் மூடினால் 35.4 கிலோவோல்ட் படி. மின்மாற்றி முனையில் எதிரொலித்து ஏறத்தாழ இரட்டிப்பாகும். தொழிற்சாலை நூல்கள் அப்போது மெய்யாகிவிடுகின்றன. ஒரே 25 கிலோவோல்ட், ஒரே பிரேக்கர், ஆனால் கூரையின் வரைபடம் வேறானால் நோயும் வேறு.

இனி மருந்துகளுக்கு வரலாம்.

அரெஸ்டரை முதலில் எடுக்கக் காரணம் அது எல்லாக் கூரையிலும் எல்லாத் துணைமின் நிலையத்திலும் ஏற்கெனவே இருப்பது. மட்சுஷிடா நிறுவனத்தின் மிச்சியோ மட்சுவோகா துத்தநாக ஆக்சைடு மட்பாண்டத்தின் விசித்திர குணத்தை 1971இல் விவரித்து எழுதிய பிறகு, பழைய சிலிக்கான் கார்பைடு அரெஸ்டர்கள் மெல்ல மறைந்தன. வித்தியாசம் பெரிது. அழுத்தம் நூற்றுக்குப் பத்து கூடினால் சிலிக்கான் கார்பைடில் மின்னோட்டம் ஒன்றரை மடங்கு ஆகும். துத்தநாக ஆக்சைடில் பதினைந்து மடங்கைத் தாண்டும். அதனால்தான் இடைவெளிப் பொறி இல்லாமலே தடத்தோடு நிரந்தரமாக இணைத்துவைக்க முடிகிறது. இந்திய ரயில்வேயின் 25 கிலோவோல்ட் பக்கத்தில் பயன்படுவது 42 கிலோவோல்ட் தகுதியுள்ள அரெஸ்டர்.

அந்த 42 என்ற எண்ணைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அதன் உச்ச மதிப்பு 59 கிலோவோல்ட். அதற்குக் கீழே அரெஸ்டர் கிட்டத்தட்ட உறங்குகிறது. சுவிட்சிங் அளவு மின்னோட்டத்தில் அது பிடித்து நிறுத்தும் அழுத்தம் தோராயமாக 80, 90 கிலோவோல்ட். மின்னல் அளவான 10 கிலோஆம்பியருக்கு நூறைத் தாண்டும். கூரைக் கருவிகளின் மின்னல் தாங்குதிறன் 170 கிலோவோல்ட் என்பதால், உச்சத்தைப் பொறுத்தவரை அரெஸ்டர் தன் கடமையைத் தாராளமாகவே செய்கிறது. மேலே போட்ட 20 ஜூல் கணக்கையும் சேருங்கள்: நூறு கிலோஜூல் அளவில் விழுங்கக்கூடிய கருவிக்கு அது கொசுக்கடிக்கும் குறைவு. ஆக, எஞ்சின் அரெஸ்டர் சுவிட்சிங்கால் களைத்துப் போகிறது என்ற அச்சத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு. அது வெடிக்கிறதென்றால் ஈரம் புகுந்ததையோ, மின்னலையோ, நீடித்த மிகையழுத்தத்தையோ முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அரெஸ்டரின் உண்மையான குறை வேறு. அது உயரத்தை வெட்டும், முகப்பைத் தொடாது, எண்ணிக்கையைக் குறைக்காது. 55 கிலோவோல்ட் அலை ஒன்று நாற்பது தடவை வந்தாலும் நானூறு தடவை வந்தாலும் அது கண் திறக்காது. இன்னொன்று, தூரம். அரெஸ்டர் கூரையில், மின்மாற்றி பெட்டியின் அடியில், நடுவே பத்து மீட்டர் கேபிள் என்றால், அலை போய்வரும் நேரத்துக்குள் மின்மாற்றி முனையில் அழுத்தம் அரெஸ்டரின் அழுத்தத்தைத் தாண்டி ஏறியிருக்கும். மைக்ரோவினாடிக்கு 200 கிலோவோல்ட் வேகத்தில் ஏறும் அலைக்கு அந்த மிகுதி 24 கிலோவோல்ட் வரும். இரண்டாவது அரெஸ்டரை மின்மாற்றி முனையிலேயே பொருத்துவது மலிவான திருத்தம்.

இதே இடத்தில் தரநிர்ணயங்களையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். உலகத் தரங்கள் 245 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்ட கருவிகளுக்கே சுவிட்சிங் அலைச் சோதனையைக் கேட்கின்றன. அதற்குக் கீழே மின்னல் அலையும் சாதாரண அதிர்வெண் சோதனையும் போதும். அந்தச் சுவிட்சிங் அலையும் 250 மைக்ரோவினாடி முகப்புள்ள சோம்பேறி அலை. இ.என். 50163 என்ற ஐரோப்பியத் தரம் 25 கிலோவோல்ட் தடத்துக்கு 20 மில்லிவினாடி அளவில் 38.7 கிலோவோல்ட் வரை பொறுக்கச் சொல்கிறது. மைக்ரோவினாடி உலகத்தைப் பற்றி அதற்குப் பேச்சில்லை. ஆக, ஒரு பயணத்தில் நாற்பது தடவை வாங்கும் அடியைப் பற்றி எந்தச் சோதனைச் சான்றிதழும் நேராக எதுவும் சொல்வதில்லை. மின்மாற்றி ‘சோதனையில் தேறியது’ என்ற வாதம் இங்கே எடுபடாதது அதனால்தான்.

அடுத்து ஆர்.சி. ஸ்னப்பர்: ஒரு மின்தேக்கியும் ஒரு மின்தடையும் தொடராக, மின்மாற்றி முனைக்கும் நிலத்துக்கும் நடுவே. கணக்கில் இது மின்னுகிறது. 0.1 மைக்ரோஃபாரட்டைச் சேர்த்தால், மேலே பார்த்த 100 கிலோவோல்ட் ஏறத்தாழ 20 ஆகச் சுருங்குகிறது. சுமார் 400 ஹெர்ட்ஸில் துள்ளிய அலை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விடுகிறது. அழுத்தம் அவ்வளவு மெதுவாக ஏறினால் பிரேக்கரின் இடைவெளி அதற்குள் அகன்றுவிடும். மறுபற்றலுக்கே வாய்ப்பு மங்குகிறது. அரெஸ்டர் விளைவை வெட்டுகிறது, ஸ்னப்பர் காரணத்தையே தளர்த்துகிறது. 50 ஹெர்ட்ஸில் அது வீணாக்குவது 50 ஓம் மின்தடையில் 30 வாட் அளவுதான்.

ஆனால் தடம் சுத்தமான 50 ஹெர்ட்ஸ் அல்ல. இன்றைய மும்முனை எஞ்சின்களின் கன்வெர்ட்டர்கள் மேலலைகளை உமிழ்கின்றன. ஓஎச்இயின் நீளத்தைப் பொறுத்து ஏதோ ஓர் அதிர்வெண்ணில் அவை ஒத்திசைந்து பெருகும். 2 கிலோஹெர்ட்ஸில் 5 கிலோவோல்ட் மேலலை எழும் ஒரு மோசமான சூழலில், அதே 50 ஓம் 2 கிலோவாட்டை விழுங்க வேண்டும். கையளவு மின்தடைக் கட்டை எரிந்தே போகும். வடிவமைப்பாளர் இதை முன்கூட்டியே கணக்கில் கொண்டு பெரிதாகச் செய்தால், ஒத்திசைவையும் சேர்த்தே தணிக்கும் நல்ல கருவியாகிவிடும். கணக்கில் கொள்ளாவிட்டால் கூரையில் ஒரு புதிய பலவீனம். மின்தேக்கி பழுதானால் அது நேரடி ஷார்ட். ஓடும் ரயிலில் 25 கிலோவோல்ட் ஷார்ட் என்பது அந்த ரயிலை மட்டும் நிறுத்துவதில்லை, அந்த ஊட்டுப் பகுதியில் இருக்கும் அத்தனை ரயிலையும் நிறுத்தும். மின்மாற்றியின் தெவிட்டும் தூண்டலோடு கூடுதல் மின்தேக்கம் சேர்ந்து ஃபெர்ரோ ஒத்திசைவு என்ற தொல்லைக்கு வழிவிடலாம் என்பதும் வெறும் ஏட்டுக் கவலை அல்ல. சீனாவின் நீண்ட நியூட்ரல் பகுதிகளைக் கடக்கும்போது, ரயிலில் உள்ள அழுத்தமளக்கும் மின்மாற்றிகளும் கம்பிகளுக்கிடையேயான மின்தேக்கமும் கூட்டுச் சேர்ந்து இப்படி ஆடிய நிகழ்வுகளை அந்நாட்டுப் பொறியாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

நேரம் பார்த்துச் சுவிட்ச் போடும் கட்டுப்பாட்டுக் கருவியைப் பற்றிப் பேசுபவர்கள் அதை முழுமருந்தாக விற்கிறார்கள். விற்பனையில் விட்டுப்போவது ஒரு கசப்பான இயற்பியல். மின்மாற்றிக்குள் ஓடும் காந்தப் பாயம் அழுத்தத்தின் கூட்டுத்தொகை. அழுத்தம் சுழியில் இருக்கும் கணத்தில் மூடினால் அலை எழாது, ஆனால் பாயம் இயல்பின் இரு மடங்குவரை ஏறி, இரும்பு தெவிட்டி, இன்ரஷ் முழுச்சுமையின் பல மடங்கு பாயும். அழுத்தம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் மூடினால் இன்ரஷ் ஒடுங்கிவிடும், ஆனால் 35.4 கிலோவோல்ட் படி முழுசாக விழும். இரண்டையும் ஒருசேர வாங்க முடியாது. ‘மிகையழுத்தத்தையும் இன்ரஷ்ஷையும் ஒரே கருவி ஒழிக்கும்’ என்ற வாசகத்தைக் கண்டால் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

எதைத் தேர்வது? தனி எஞ்சினில் உச்சக் கணம்தான் சரி என்று நினைக்கிறேன். படியின் கூர்மையை ஓஎச்இ மழுக்கிவிடுகிறது, உயரம் தாங்குதிறனுக்குள் அடங்குகிறது. இன்ரஷ்ஷோ அன்றாட ரிலே தட்டல், துணைமின் நிலைய மின்மாற்றிக்கு உலுக்கல், அந்த நேரத்தில் பிரேக்கர் திறந்தால் மோசமான மறுபற்றல் என்று சங்கிலியாகத் தொல்லை தருகிறது. ஆனால் அந்தக் கணத்தைப் பிடிப்பது யார்? 50 ஹெர்ட்ஸில் சுழிக்கும் உச்சத்துக்கும் 5 மில்லிவினாடி இடைவெளி. 1 மில்லிவினாடி தவறினாலே பாயத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிகுதி வந்துவிடும். காற்றழுத்தத்தால் இயங்கும் கூரை பிரேக்கர், மே மாத நாக்பூரின் வெயிலிலும் ஜனவரி வடக்கின் பனியிலும், தேய்ந்த வால்வோடு, அந்த 1 மில்லிவினாடியைத் தவறாமல் பிடிக்கும் என்று நம்புவது கடினம். காந்த விசையால் இயங்கும் பிரேக்கர்களால் முடியும். ஆக இது கட்டுப்பாட்டுப் பெட்டியின் தகுதி பற்றிய விவாதம் அல்ல; பிரேக்கரின் இயக்கமுறை பற்றியது. பழைய பிரேக்கரின் மேல் புதிய பெட்டியை மாட்டும் திட்டம் பணவிரயம். திறக்கும் பக்கத்தில் இந்தக் கருவிக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்: மின்னோட்டச் சுழிக்கு வெகுமுன்பே தொடுமுனைகளைப் பிரித்துவிட்டால், சுழி வரும்போது இடைவெளி அகலமாக இருக்கும், மறுபற்றல் அருகிவிடும். இதற்கு அவ்வளவு துல்லியமும் வேண்டியதில்லை.

ஜப்பான் வேறு பாதையில் போனது. 1964இல் தொடங்கிய ஷின்கான்சென்னில் ஓட்டுநர் எதையும் திறப்பதில்லை. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள இடைப்பகுதிக்குள் ரயில் முழுவதும் வந்ததும், தடத்தோரச் சுவிட்சுகள் ஒரு முனையை விலக்கி, சுமார் 0.3 வினாடியில் மறு முனையை இணைக்கின்றன. ரயில் வேகம் இழப்பதில்லை. அழகான தீர்வுதான், ஆனால் அடி மறைவதில்லை, இடம் மாறுகிறது. நாளொன்றுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட ரயில்கள் ஓடும் டோக்கைடோ தடத்தில், ஒவ்வொரு சுவிட்சும் வாங்கும் அடியை நினைத்துப் பாருங்கள். எனினும் இடம் மாறுவதிலேயே ஓர் ஆதாயம் உண்டு. தடத்தோரத்தில் எடைக்கும் அளவுக்கும் கட்டுப்பாடு இல்லை; பெரிய ஸ்னப்பர் வைக்கலாம், துல்லியமான இயக்கமுறை வைக்கலாம், பொறியே எழாத தைரிஸ்டர் சுவிட்சும் வைக்கலாம். நேரக் கட்டுப்பாட்டுக் கருவியின் உண்மையான வீடு இதுதான்.

கடைசி வழி, நியூட்ரல் செக்‌ஷனே இல்லாமல் செய்வது. ஜெர்மனியின் 15 கிலோவோல்ட், 16.7 ஹெர்ட்ஸ் தடம் தனக்கென்றே ஒத்திசைந்த ஒருமுனை வலையமைப்பு வைத்திருப்பதால், இந்தியாவில் போல ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை முனை மாற்றும் தேவை அங்கே இல்லை. இன்று 50 ஹெர்ட்ஸ் நாடுகளும் மின்னணு மாற்றுநிலையங்கள் வழியே அந்த வசதியைப் பெற முடிகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் இங்கிலாந்திலும் மும்முனை 50 ஹெர்ட்ஸை வாங்கி ஒருமுனை 50 ஹெர்ட்ஸாகத் தரும் நிலையங்கள் வந்துவிட்டன. எல்லா நிலையமும் ஒரே கட்டத்தில் ஊட்டினால் பிரிக்க எல்லையில்லை, திறக்க டிஜே இல்லை. நாற்பது அடி என்பது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். விலை மட்டும் சாதாரண மின்மாற்றி நிலையத்தைப் போலப் பல மடங்கு. மின்மாற்றி முப்பது நாற்பது ஆண்டு சும்மா நிற்கும். மின்னணு அப்படி நிற்காது.

நேர்திசைத் தடங்களை இந்த எடைபோடலில் சேர்க்கவில்லை. காரணம் உண்டு. சென்னை கடற்கரை–தாம்பரம் 1931இல் தொடங்கியபோது இருந்த 1,500 வோல்ட் நேர்திசையும், மும்பைப் புறநகரில் 2016வரை நீடித்ததும் வேறு உலகம். அங்கே மின்னோட்டத்துக்கு இயற்கைச் சுழியே கிடையாது. தடத்தின் அழுத்தத்தைவிட அதிகமான வில்லழுத்தத்தை பிரேக்கர் வேண்டுமென்றே உண்டாக்கினால்தான் மின்னோட்டம் இறங்கும். மிகையழுத்தம்தான் அங்கே கருவி. 5 மில்லிஹென்றித் தடத்தில் 4,000 ஆம்பியரை அறுத்தால் அடக்க வேண்டியது 40 கிலோஜூல். நம் 20 ஜூலின் இரண்டாயிரம் மடங்கு. அங்கே அரெஸ்டரின் ஆற்றல் தகுதிதான் முதல் கேள்வி. கொல்கத்தா மெட்ரோவின் 750 வோல்ட்டுக்கும் இதுவே.

துணைமின் நிலையக் கெபாசிட்டர் பேங்குகளுக்கும் ஒரு பத்தி போதும். பழைய டயோடு எஞ்சின்களின் தாழ்ந்த திறன்காரணியை உயர்த்த வைத்தவை அவை. அணைத்த கெபாசிட்டர் உச்ச அழுத்தத்தில் நின்றுவிடுவதால், அரைச் சுற்று கழித்துத் தொடுமுனைகளுக்கு இடையே இரட்டை உச்சம் வரும். அப்போது பொறி பற்றினால் தட அழுத்தம் மூன்று மடங்குவரை ஆடும். ஆனால் மும்முனை எஞ்சின்கள் திறன்காரணியை ஒன்றுக்கு அருகிலேயே வைத்துக்கொள்வதால் நிலையான பேங்கின் தேவையே பல இடங்களில் கரைந்துவிட்டது. ரயில் இல்லாத நேரத்தில் அது தடத்தின் அழுத்தத்தை வீணாக ஏற்றுவதும் உண்டு. அதற்கு அரெஸ்டரும் ஸ்னப்பரும் தேடுவதைவிடக் கழற்றிவிடுவது நல்லது.

எடைக்கல்லைக் கீழே வைக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்களில், அரக்கோணம் ஈரோடு போன்ற ஷெட்டுகளில் நிற்கும் நூற்றுக்கணக்கானவற்றில், ஸ்னப்பரைப் பொதுவாகப் பொருத்தச் சொல்வது தவறு. ஒருமுனை அமைப்பும் ஓஎச்இயின் அலை மின்தடையும் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. மீதிக்கு மின்மாற்றி முனையருகே ஓர் அரெஸ்டர் போதும். பிரேக்கர் மாற்றும் காலம் வரும்போது காந்த இயக்கமுறை உள்ளதை வாங்கி, அதோடு உச்சக் கணத்தில் மூடும் கட்டுப்பாட்டையும் சேர்க்கலாம். அதற்கு முன் வேண்டாம். கூரைக் கேபிள் பிரேக்கருக்கு முன்னால் ஓடும் மின்தொடர்களுக்குத் தீர்ப்பு நேரெதிர்: அங்கே அரெஸ்டரை மட்டும் நம்புவது அசட்டை. மேலலைச் சூட்டையும் தாங்கும்படி அளவெடுத்த ஸ்னப்பர் ஒவ்வொரு மின்மாற்றி முனையிலும் வேண்டும். வடிவமைப்பின் முதல் வரைபடத்திலேயே வேண்டும், ஏனென்றால் பெட்டியின் அடியில் பின்னால் இடம் தேடினால் கிடைக்காது. நெரிசலான புதிய அதிவேகத் தடங்களுக்கு மாற்றுநிலையத்தின் விலையை, நாற்பது ஆண்டுகளின் பிரேக்கர், மின்மாற்றி, நேர இழப்பு எல்லாவற்றோடும் கூட்டிப் பார்த்தே நிராகரிக்க வேண்டும். மின்மாற்றியின் கொள்முதல் விலையோடு மட்டும் ஒப்பிட்டு அல்ல.

இந்தத் தீர்ப்பை அசைக்கக்கூடிய சான்று ஒன்று உண்டு. எஞ்சின் மின்மாற்றி முனையில் வேக அளவீட்டுக் கருவி வைத்து, ஒரு முழுப் பயணத்தின் எல்லாத் திறப்பு மூடல்களையும் பதிந்தால், அலைமுகப்பு நான் கணக்கிட்ட 0.9 மைக்ரோவினாடிக்கு அருகில் இருக்க வேண்டும். அதில் பத்தில் ஒன்றாக அடிக்கடி வந்தால், எஞ்சின்களைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற்று, ஸ்னப்பர் கேட்பவர்கள் பக்கம் போய்விடுவேன். செலவு அதிகமில்லாத சோதனை. கோடிக்கணக்கில் கொள்முதல் செய்யும் முன் அதைச் செய்துவிடலாம்.